மெய்யியலாரும் அவர் வீட்டு அடிமைகளும்

புனித தாமஸ் அக்வினாஸின் நூல்களைப் படிப்போர் அவற்றில் ஒரு சொல்லை அடிக்கடி காண்பர். 'மெய்யியலார் கூறுவது போல' என்று எழுதிவிட்டு அவர் மேலே செல்வார். எந்த மெய்யியலார் என்று சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய தேவையும் அக்காலத்தில் இருக்கவில்லை. 'திருத்தூதர்' என்று மட்டும் எழுதினால் பவுலடியார். 'மெய்யியலார்' என்று மட்டும் எழுதினால் அரிஸ்டாட்டில். கிறிஸ்து பிறப்பதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த கிரேக்கர் ஒருவருக்குத் திருச்சபையின் தலைசிறந்த மறைவல்லுநர் அளித்த இடம் அத்துணைப் பெரிது.

அதே மெய்யியலாரின் பெயரைச் சொல்லித்தான், கி.பி. 1550இல் ஸ்பெயின் நாட்டு வல்லதோலித் நகரில், இறையியலாரும் சட்ட வல்லுநரும் கூடியிருந்த அவையில், கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறந்தது என்று வாதிடப்பட்டது. வாதிட்டவர் கத்தோலிக்கர், கற்றவர், மேலும், அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலை இலத்தீனில் மொழிபெயர்த்தவர். அவர் மேற்கோளைத் திரிக்கவில்லை. அது அந்நூலில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

நமக்கு இவ்வளவு கற்றுக்கொடுத்த ஆசிரியர் இவ்வளவு பெரிய தவற்றைச் செய்திருக்கிறார் என்றால், அவரை நாம் என்ன செய்வது? அவர் மாபெரும் அறிஞர் என்று சொல்லித் தவற்றை மறைத்துவிடலாம். தவறு இழைத்தவர் என்று சொல்லி அறிவையும் சேர்த்தே தள்ளிவிடலாம். இரண்டுமே எளிய வழிகள். அரிஸ்டாட்டிலின் வாழ்வையும் எழுத்தையும் சற்று நின்று பார்த்தால் இந்த இரண்டு வழிகளும் நமக்கு அடைபட்டுப் போகின்றன.

அவர் கி.மு. 384இல் வட கிரேக்கத்தில் ஸ்தாகிரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிக்கோமாக்கஸ் மாசிடோனிய மன்னன் அமிந்தாசின் அரண்மனை மருத்துவர். நாடி பார்த்து, புண்ணைக் கண்டு, கண்டதிலிருந்து நோயை உய்த்துணரும் தொழில் நடந்த வீட்டில் பிள்ளை பிறந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. பதினேழாம் வயதில் ஏதென்சுக்கு வந்து பிளாட்டோவின் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். ஆசிரியர் கி.மு. 347இல் மறையும் வரை இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இருபது ஆண்டுகள் ஒரே ஆசிரியரிடம்! பின்னர் அவ்வாசிரியரின் அடிப்படைக் கொள்கையையே மறுத்தார் என்பதும் உண்மை. தம் அறநூலில் அம்மறுப்பைத் தொடங்குமுன் சற்றே தயங்கி, நண்பரும் அன்புக்குரியவர், உண்மையும் அன்புக்குரியது, ஆயினும் உண்மைக்கே முதன்மை தருவது கடமை என்னும் கருத்தைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

ஏதென்சை விட்டு நீங்கியவர், இன்றைய துருக்கிக் கரையிலுள்ள ஆசோஸ் நகருக்குச் சென்றார். அங்கே ஆட்சி செய்த நண்பர் ஹெர்மியாசின் உறவினளான பித்தியாஸ் என்பவளை மணந்தார். அங்கிருந்து எதிரே உள்ள லெஸ்போஸ் தீவுக்குப் போய், அதன் கடற்கழியில் மீன்களையும் சிப்பிகளையும் கணவாய்களையும் ஆராய்ந்தார். கி.மு. 343 அளவில் மாசிடோனிய மன்னன் பிலிப் தன் மகனுக்குக் கல்வி கற்பிக்க அவரை அழைத்தான். அம்மகனே உலகை நடுங்க வைத்த அலெக்சாந்தர். மாணவன் ஆசிரியரிடம் எவ்வளவு கற்றான் என்பதை அவனுடைய போர்களைக் கொண்டு முடிவு செய்வது ஆசிரியருக்குச் செய்யும் அநீதியாகும். கி.மு. 335இல் அவர் ஏதென்சுக்குத் திரும்பி லைசியம் என்னும் சோலையில் தம் சொந்தப் பள்ளியை நிறுவினார். அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்ததும் மாசிடோனியருக்கு எதிரான சினம் ஏதென்சில் பொங்கியது. அரிஸ்டாட்டில் மீது தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. சாக்ரட்டீசைக் கொன்ற நகரம் மெய்யியலுக்கு எதிராக இரண்டாம் முறை பாவம் செய்யக்கூடாது என்று சொல்லி அவர் வெளியேறியதாக மரபு கூறும். அடுத்த ஆண்டு, கி.மு. 322இல், கால்கிஸ் நகரில் அறுபத்திரண்டாம் வயதளவில் இறந்தார்.

இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் செய்திகள் இரண்டு உள. ஒன்று, ஏதென்சில் அவர் வாழ்நாள் முழுதும் அயலார். குடியுரிமை இல்லாதவர், அந்நகரில் சொந்தமாக நிலம் வாங்கவும் உரிமை இல்லாதவர். பிறந்த இடத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்தின் கீழ்ப்பக்கம் அவருக்குத் தெரியும். மற்றொன்று, அவர் பிறந்த ஸ்தாகிராவைப் பிலிப் மன்னனே முன்பு அழித்திருந்தான். அவ்வூர் மக்களுள் சிலர் நாடு கடந்து ஓடினர், சிலர் அடிமைகளாயினர், ஆசிரியருக்குக் கைம்மாறாகவே பிலிப் அவ்வூரை மீண்டும் எழுப்பி அவர்களைத் திரும்பக் குடியேற்றினான் என்று புளுட்டார்க் எழுதுகிறார். அப்படியாயின், அடிமைத்தனம் என்பது அரிஸ்டாட்டிலுக்கு ஏட்டில் படித்த செய்தி அன்று. தம் தெருவில் விளையாடியவர்கள் விலைப்பொருளான கதை அது.

இனி அவர் எழுத்து. அவர் வெளியீட்டுக்கென எழுதிய உரையாடல் நூல்கள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்டன. இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் பள்ளியில் பாடம் சொல்வதற்கென அமைந்த குறிப்புகள். அவற்றின் நடை வறண்டிருப்பதற்கு அதுவே காரணம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவினரான அந்திரோனிக்கஸ் அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். அளவையியல், இயற்பியல், மெய்ப்பொருளியல், அறவியல், அரசியல், செய்யுளியல், சொல்லாட்சிக்கலை, உயிரினங்கள் பற்றிய ஆய்வுகள் என அவை விரிகின்றன. இவற்றுள் அளவில் கணிசமான பகுதி உயிரினங்களைப் பற்றியது என்பதை நம்மில் பலர் அறியார். மெய்யியலார் என்றவுடன் தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பவரை நாம் கற்பனை செய்கிறோம். இவரோ மீன் சந்தையில் நின்றவர்.

கோழி முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்த விவரத்தை அவர் எழுதி வைத்துள்ளார். மூன்று நாளும் மூன்று இரவும் கழிந்ததும் வெண்கருவில் குருதிப் புள்ளி ஒன்று தோன்றுகிறது, அது துடிக்கிறது, அதுவே இதயம். சுறாவினங்களில் ஒருவகை தன் குட்டியைக் கொப்பூழ்க்கொடியால் கருப்பையோடு இணைத்து வளர்க்கிறது என்று அவர் எழுதியதைப் பல நூற்றாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உயிரியலார் யோகான்னஸ் முல்லர் அதனை ஆராய்ந்து சரியென நிறுவினார். அற்ப உயிர்களை ஆராய அருவருக்கும் மாணவர்களுக்கு அவர் ஒரு கதை சொல்வார். ஹெராக்கிளிட்டசைக் காண வந்தவர்கள், அவர் அடுப்பருகே குளிர்காய்ந்து கொண்டிருப்பதைக் கண்டு வாசலில் தயங்கினார்களாம். உள்ளே வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு என்று அவர் அழைத்தாராம். எந்த உயிரும் இழிந்ததன்று, ஒவ்வொன்றிலும் வியப்பதற்கு ஏதோ ஒன்று உண்டு என்பது அரிஸ்டாட்டிலின் துணிபு.

தேனீக்களைப் பற்றிய ஓரிடம் இன்னும் சிறந்தது. தேனீக்கள் எவ்வாறு பெருகுகின்றன என்று நெடுக விவாதித்து ஒரு முடிவை முன்வைத்தபின், உண்மைகள் இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். என்றேனும் அவை அறியப்படும்போது, கோட்பாட்டைக் காட்டிலும் கண்ணால் கண்டதையே நம்ப வேண்டும், கண்டவற்றோடு பொருந்தும் அளவுக்கே கோட்பாட்டை ஏற்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அறிவுலகம் இதைவிடப் பணிவான ஒரு விதியை வகுத்ததில்லை என்றே நான் கருதுகிறேன்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு 'அரசியல்' நூலின் முதற் பகுதிக்கு வருவோம்.

குடும்பத்தின் உறுப்புகளை ஆராயும் இடத்தில் அடிமை பற்றிய பேச்சு வருகிறது. அடிமை என்பவன் உயிருள்ள ஓர் உடைமை. ஏவலுக்கு இயங்கும் கருவி. நெசவுத் தறியின் நாடா தானே ஓடுமாயின் ஆண்டானுக்கு அடிமை தேவைப்படமாட்டான் என்கிறார். விசைத்தறியைக் கண்டவர்கள் நாம். இந்த வரியைப் படிக்கும்போது சற்றுத் திடுக்கிடுகிறோம். பிறகு அவர் மேலும் ஓரடி எடுத்து வைக்கிறார். சிலர் பிறப்பிலேயே ஆளுவதற்கும் வேறு சிலர் பிறப்பிலேயே ஆளப்படுவதற்கும் உரியவர்கள். பிறருடைய அறிவைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் அறிவுடையவன், தனக்கெனச் சிந்திக்கும் அறிவு இல்லாதவன், இயற்கையான அடிமை. அடிமையாய் இருப்பதே அவனுக்கும் நன்மை.

'அவர் காலம் அப்படி. அவரைக் குறை சொல்லலாமா?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இந்தச் சமாதானம் எனக்கு நிறைவளிப்பதில்லை. ஏனெனில் அதே பகுதியில், அடிமைத்தனம் இயற்கைக்கு முரணானது, அது வெறும் சட்டத்தாலும் வன்முறையாலும் ஏற்பட்டது, ஆகவே அநீதியானது என்று வாதிடுவோர் தம் காலத்தில் இருப்பதாக அவரே குறிப்பிடுகிறார். அவர்கள் குரல் அவர் செவியில் விழுந்திருக்கிறது. விழுந்த குரலுக்கு விடை சொல்லவே அவர் இந்த வாதத்தைக் கட்டினார். போரில் தோற்றவன் என்பதால் மட்டும் ஒருவன் அடிமையாவது நியாயமன்று என்ற அளவுக்கு இறங்கியும் வருகிறார். ஸ்தாகிராவின் நினைவு அவரை அவ்வளவு தூரம் இழுத்து வந்ததோ என்னவோ! ஆனால் இயற்கை அடிமை என்ற கருத்தை மட்டும் அவர் கைவிடவில்லை.

கைவிடாதது மட்டுமன்று, சான்றுகள் எதிர்த்து நின்றபோதும் பிடித்துக்கொண்டார். சுதந்திர மனிதனின் உடலையும் அடிமையின் உடலையும் வேறுபடுத்தவே இயற்கை விரும்புகிறது என்கிறார். ஒன்று நிமிர்ந்து நடக்க, மற்றொன்று பளு சுமக்க. ஆனால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நிகழ்கிறது என்று அடுத்த வரியிலேயே ஒப்புக்கொள்கிறார். உடலில் வேறுபாடு தென்படவில்லை. உள்ளத்தின் வேறுபாடோ கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் இவன் இயற்கை அடிமை என்று எதைக் கண்டு சொன்னார்? தேனீக்கு வகுத்த விதி மனிதனுக்கு எங்கே போயிற்று? கோழி முட்டையை நாள்தோறும் உடைத்துப் பார்த்த கண்கள், நாள்தோறும் தமக்கு உணவு பரிமாறிய கைகளுக்கு உரியவனை ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாமே!

உற்றுப் பார்த்த தடயங்களும் உள்ளன என்பதுதான் வேதனை. அறநூலில் நட்பைப் பற்றிப் பேசும்போது, அடிமையை அடிமை என்ற நிலையில் நண்பனாகக் கொள்ள இயலாது, மனிதன் என்ற நிலையில் கொள்ள இயலும் என்கிறார். ஒரே ஆளில் கருவியும் மனிதனும் இருப்பதாகச் சொல்லும் இந்த வாக்கியம் அவருடைய கோட்பாட்டையே பிளக்கிறது. உள்ளே மனிதன் இருப்பதைக் கண்டவர், அவனைக் கருவி என்று இனி எப்படி அழைப்பார்? 'அரசியல்' நூலின் ஏழாம் பகுதியிலோ, எல்லா அடிமைகளுக்கும் விடுதலையைப் பரிசாக முன்வைப்பது நல்லது, ஏன் என்பதைப் பின்னர் விளக்குவேன் என்று எழுதுகிறார். அந்த விளக்கம் நமக்குக் கிடைத்த நூலில் எங்கும் இல்லை. இயற்கையாகவே அடிமையாய் இருப்பவனுக்கு, அடிமைத்தனமே நன்மையாய் இருப்பவனுக்கு, விடுதலை எப்படிப் பரிசாகும்? விளக்கம் எழுதப்படாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. எழுத முற்பட்டிருந்தால் முதற் பகுதியைக் கிழிக்க வேண்டி வந்திருக்கும்.

மதிநுட்பம் குறைந்ததால் நேர்ந்த தவறன்று இது. அவரிடம் அது வேண்டிய மட்டும் இருந்தது. சிந்திப்பதற்கு ஓய்வு வேண்டும் என்று அவரே வற்புறுத்துகிறார். அவ்வோய்வு அவருக்கும் அவர் வகுப்பினர்க்கும் பிறர் உழைப்பால் வந்தது. மீனைப் பற்றித் தவறாக எண்ணினால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை, திருத்திக்கொள்வதும் எளிது. அடிமையைப் பற்றிச் சரியாக எண்ணினாலோ வீடு நடவாது. எங்கே நம் வசதி குறுக்கிடுகிறதோ அங்கே நம் அறிவு வழக்கறிஞராக மாறிவிடுகிறது; நீதிபதியாக இருப்பதில்லை. தருக்கம் என்னும் கலையை உலகுக்கு வகுத்துக்கொடுத்தவருக்கே இது நேர்ந்தது.

அவருடைய நூல்கள் நம் திருச்சபைக்கு வந்து சேர்ந்த பாதை விந்தையானது. உரோமை வீழ்ந்தபின் மேற்கு ஐரோப்பாவில் போயேத்தியஸ் மொழிபெயர்த்த சில அளவையியல் நூல்களே எஞ்சின. மற்றவை கீழ்த்திசையில் வாழ்ந்தன. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவரும் அவர் மகனும் கிரேக்க நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தனர். 12ஆம் நூற்றாண்டில் கொர்தோவாவின் முஸ்லிம் அறிஞர் இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு விரிவான உரைகள் எழுதினார். ஸ்பெயினின் தொலேடோ நகரில் அரபியிலிருந்து இலத்தீனுக்கு மொழிபெயர்ப்புகள் நடந்தன. பிற்பாடு தொமினிக்கன் சபைத் துறவி மொயெர்பெக் வில்லியம் கிரேக்க மூலத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். 'அரசியல்' நூல் இலத்தீன் உலகுக்கு அவர் வழியே, 1260ஆம் ஆண்டளவில் கிடைத்தது. பிறசமயத்தார் கைகளின் வழியாக நம்மிடம் வந்த கொடை இது என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

வந்த விருந்தினரைத் திருச்சபை உடனே வரவேற்றுவிடவில்லை. 1210இல் பாரிஸ் நகரில் கூடிய ஆயர் மன்றம் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடமாக வாசிப்பதைத் தடை செய்தது. மீறுவோர்க்குத் திருச்சபை விலக்கு. ஆனால் 1255க்குள் அதே பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நூல்கள் கட்டாயப் பாடங்களாகிவிட்டன! 1277இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டனம் செய்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த தாமஸ் அக்வினாசின் கருத்துகள் சிலவும் அக்கண்டனத்துக்குள் அகப்பட்டதாகக் கருதப்பட்டது. 1323இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1879இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் அவருடைய மெய்யியலையே கத்தோலிக்கக் கல்விக்கு வழிகாட்டியாக வைத்தார். இன்றும் நம் குருத்துவ மாணவர்கள் இறையியலுக்கு முன் மெய்யியல் கற்கிறார்கள். பழைய ஞானோபதேசம் மனப்பாடம் செய்தவர்களுக்கு 'அப்ப இரச குணங்கள்' என்ற தொடர் நினைவிருக்கும். பொருளின் உள்ளியல்பு வேறு, அதன்மேல் தோன்றும் குணங்கள் வேறு என்ற அந்தப் பாகுபாடு லைசியம் சோலையில் பிறந்து, பாரிசில் வளர்ந்து, நம் பங்குகளின் மறைக்கல்வி வகுப்பு வரை வந்த ஒன்று.

அடிமைத்தனம் பற்றிப் புனித தாமஸ் என்ன செய்தார்? ஆசிரியரின் கூர்மையை அவர் மழுக்கினார் என்று சொல்லலாம். பாவம் நுழையாத தொடக்க நிலையில் மனிதனை மனிதன் அடிமையாக ஆளுவது இருந்திருக்காது என்றார். தனித்து நோக்கினால் இவன் அடிமையாவதற்கும் அவன் ஆகாமலிருப்பதற்கும் இயற்கையில் காரணம் இல்லை, பயன் கருதி மனிதர் ஏற்படுத்திய வழக்கமே அது என்றார். திருமணம் செய்வதா, கன்னிமை காப்பதா என்பதில் அடிமை ஆண்டானுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றும் எழுதினார். ஆனால் அவ்வமைப்பையே தீமை என்று அவர் சொல்லவில்லை. கதவைத் திறக்கும் அளவுக்குச் சாவியைத் திருப்பிவிட்டு, திறக்காமல் நின்றுவிட்டார்.

அந்தச் சாவியைப் பிற்காலத்தவர் எதிர்த்திசையில் திருப்பினர். 1510இல் பாரிசில் கற்பித்த ஸ்காத்லாந்து இறையியலார் ஜான் மேஜர், புதிதாகக் கண்டறியப்பட்ட தீவுகளின் மக்கள் அரிஸ்டாட்டில் சொன்ன இயற்கை அடிமைகளே என்று எழுதினார். மறு ஆண்டு, 1511இன் திருவருகைக் காலத்தில், ஹிஸ்பானியோலா தீவில் அந்தோனியோ மொந்தெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி மறையுரை மேடையில் ஏறி, அவர்கள் மனிதர்கள் அல்லரோ, அவர்களுக்கு அறிவுள்ள ஆன்மா இல்லையோ என்று தம் எதிரே இருந்த ஸ்பானிய நில உடைமையாளர்களைக் கேட்டார். அக்காலத்தில் பார்த்தொலோமே தே லாஸ் காசாஸ் என்ற இளைஞரும் அத்தீவில் பூர்வகுடிகளின் உழைப்பால் வாழ்ந்து கொண்டிருந்தார். அவர் மனம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. 1514இல் தம்மிடம் இருந்தவர்களை விடுவித்தார். பின்னர் துறவியானார், மெக்சிகோவின் சியாப்பாசில் ஆயரானார்.

1550இல் வல்லதோலித்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கூட்டிய அவையில் அவரும் செப்புல்வேடாவும் எதிரெதிரே நின்றனர். இருவரும் ஒரே வேளையில் அவைமுன் தோன்றவில்லை. செப்புல்வேடா மூன்று மணி நேரம் பேசினார். லாஸ் காசாஸ் ஐந்து நாள்கள் தம் ஏட்டை வாசித்தார். அன்று எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த முதியவர் அரிஸ்டாட்டிலை நேரே எடுத்தெறியவில்லை. அவையினர் பலருக்கும் மெய்யியலார் மெய்யியலாரே அல்லவா? அறிவு அறவே இல்லாத மனிதர் இருக்கலாம், ஆனால் படைப்பில் அது மிக அரிய குறைபாடு, ஓர் இனம் முழுவதும் அப்படிப் பிறப்பதாகச் சொல்வது படைத்தவரைப் பழிப்பதாகும் என்றார். தாம் கண்ட மக்களின் நகரங்களையும் சட்டங்களையும் கைவினைகளையும் எடுத்துக்காட்டினார். அரிஸ்டாட்டில் தேனீக்குச் சொன்ன விதியை அவர் மனிதனுக்குப் பொருத்தினார் என்றே இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. பார்த்தவர் பேசினார், பாராதவர் மேற்கோள் காட்டினார். செப்புல்வேடா ஒருநாளும் அமெரிக்கக் கரையில் கால் வைத்தவர் அல்லர். இறுதியில், அயலானை நேசிக்கும்படி கிறிஸ்து இட்ட கட்டளைக்கு முன்னால் அரிஸ்டாட்டில் விடைபெற்றுப் போகட்டும் என்ற கருத்தைத் துணிந்து சொன்னார் லாஸ் காசாஸ்.

அவை எந்தத் தீர்ப்பையும் கூட்டாக வழங்கவில்லை. செப்புல்வேடாவின் முதன்மை நூலுக்கு அச்சிடும் அனுமதி மறுக்கப்பட்டது. அது 1892இல்தான் அச்சேறியது. ஆயினும் கடலுக்கு அப்பால் சவுக்கு ஓயவில்லை. லாஸ் காசாசையும் நாம் மெழுகி மறைத்துவிட வேண்டியதில்லை. பூர்வகுடிகளைக் காக்கும் ஆர்வத்தில், அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று முன்பு பரிந்துரைத்தவர் அவர். பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் அதற்காகக் கடுமையாக வருந்தி எழுதினார்.

இந்தப் பழியெல்லாம் ஒரு கிரேக்கர் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியுமா? அவரைப் படியாமலேயே நம்மவர் இப்பாவத்தைச் செய்திருக்கின்றனர். 1452இல் திருத்தந்தை 5ஆம் நிக்கோலாஸ் விடுத்த ஆணை மடல், பிற சமயத்தாரை நிலையான அடிமைத்தனத்துக்கு உட்படுத்தப் போர்த்துகீசிய மன்னருக்கு உரிமை அளித்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, 4ஆம் நூற்றாண்டில், நீசா நகர் ஆயர் புனித கிரகோரியார், சபை உரையாளர் நூலுக்கு விளக்கம் சொல்லும் மறையுரையில், கடவுளின் சாயலுக்கு என்ன விலை கொடுத்தாய் என்று அடிமை வாங்கியவனைக் கேட்டிருந்தார். அரிஸ்டாட்டிலைக் கற்க நேரம் இருந்த நமக்கு, நம் சொந்த மறைத்தந்தையைக் கேட்க நேரம் இல்லாமல் போயிற்று. 1537இல் திருத்தந்தை 3ஆம் பவுல், அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்மையான மனிதர், அவர்களுடைய விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று ஆணையிட்டார். அடிமைத்தனத்தை மனித மாண்புக்கு இழிவு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பட்டியலிட்டது. 15ஆம் நூற்றாண்டு ஆணை மடல்களைக் காரணம் காட்டி வளர்ந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான்.

பிறப்பைக் கொண்டு மனிதனை அளப்பதற்கு நம் மண்ணில் அரிஸ்டாட்டில் தேவைப்படவில்லை. அதற்கான வாதங்கள் இங்கே விளைந்தன. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டும் அவை கரையவில்லை. 2003ஆம் ஆண்டு நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி அடிப்படையிலான வேறுபாடு கிறிஸ்தவர்களிடையே இருத்தலாகாது என்று எடுத்துரைக்க வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பியவர்கள் நாம். அதற்கு நாம் சொல்லும் காரணங்களைக் கவனித்தால், அவையும் 'இயற்கை', 'வழக்கம்', 'அவர்களுக்கும் அதுவே நல்லது' என்றே ஒலிக்கும். 'அரசியல்' நூலின் முதற் பகுதியைப் படியாமலேயே நாம் அதை மனப்பாடமாகச் சொல்கிறோம்.

இதனால் அரிஸ்டாட்டிலைப் படிக்கலாகாது என்கிறேனா? இல்லை. அறம் என்பது கட்டளைகளின் பட்டியல் அன்று, பழகிப் பழகி உருவாகும் பண்பு. வீரம் கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே நிற்பது. நண்பன் மற்றொரு நான். இவற்றை அவரைவிட நன்றாகச் சொன்னவர் மேலை உலகில் யார்? அவர் தவற்றைக் கண்டுபிடிக்க நாம் வேறு யாரிடமும் போகவில்லை. அவர் தந்த அளவுகோலைக் கொண்டே அவரை அளந்தோம். ஆசிரியரை விட உண்மைக்கு முதலிடம் என்று தம் ஆசிரியரிடத்தில் அவர் கடைப்பிடித்ததை, நாம் அவரிடத்தில் கடைப்பிடிக்கிறோம். அவ்வளவே.

அவருடைய எழுத்துகளுள் இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது மெய்யியல் அன்று. அவருடைய இறுதி விருப்ப ஆவணம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் மெய்யியலாரின் வரலாறுகளைத் தொகுத்த டயோஜனிஸ் லயெர்ஷியஸ் அதனைத் தம் நூலில் சேர்த்துள்ளார். மாசிடோனியத் தளபதி அந்திபாட்டரை நிறைவேற்றுநராக வைத்து, மகளின் திருமணத்தையும், பித்தியாஸ் இறந்தபின் தம்மோடு வாழ்ந்த ஹெர்பிலிசின் எதிர்காலத்தையும் அதில் கவனமாக ஏற்பாடு செய்கிறார். பித்தியாஸ் விரும்பியவாறே அவள் எலும்புகளைத் தம் கல்லறையில் சேர்க்கச் சொல்கிறார். பிறகு அடிமைகளின் பெயர்கள் வருகின்றன. மகளுக்குத் திருமணம் ஆகும்போது தைக்கோனும் பீலோனும் ஒலிம்பியசும் அவன் குழந்தையும் விடுதலை பெறவேண்டும். தமக்குப் பணிவிடை செய்த சிறுவர்களுள் எவரையும் விற்கக்கூடாது. உரிய வயது வந்ததும், தகுதி உடையவர்களானால், அவர்களை விடுவிக்க வேண்டும்.

ஏழாம் பகுதியில் எழுதாமல் விட்ட விளக்கத்தை இங்கே எழுதிவிட்டார் போலும் என்று நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அம்பிராக்கிஸ் என்பவளைப் பற்றிய வரி இன்னும் இருக்கிறது. அவளுக்கும் விடுதலை உண்டு. மகளின் திருமணத்தின்போது அவளுக்கு ஐந்நூறு திராக்மா பணம் தரவேண்டும். அத்துடன், இப்போது அவளிடம் இருக்கும் வேலைக்காரச் சிறுமியையும் அவளுக்கே உரிமையாக்க வேண்டும். அச்சிறுமியின் பெயர் அந்த ஆவணத்தில் இல்லை.